சேலம், நாமக்கல் பக்கத்துக் கற்களும் கனிமங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பகுதியில் அப்படி என்ன விசேஷம்?

சேலம் நகரிலிருந்து ஒரு நாளில் பைக்கில் போய்த் திரும்பும் தூரத்துக்குள் வெள்ளைக்கல் (மேக்னசைட்), இரும்புத்தாது, பாக்சைட் (அலுமினியத் தாது), குருந்தம் (மாணிக்க இனக் கனிமம்), மாக்கல் (கல்சட்டி செய்யும் கல்), சலவைக்கல் போன்ற சுண்ணாம்புப் பாறை எல்லாம் இருக்கின்றன. நிலவின் மேட்டுநிலப் பாறைக்கு ஒப்பான கல்லும் உண்டு. இங்குள்ள பாறைகளில் பெரும்பாலானவை 250 கோடி ஆண்டு வயதை ஒட்டியவை. பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில் வெந்து நசுங்கி, பிறகு மேலே வந்தவை. அதனால் புதைபடிவம் தேடி வந்தால் ஏமாற்றம்தான்; அதற்கு அரியலூர் போக வேண்டும்.

கல்லை அடையாளம் காண என்னென்ன வேண்டும்?

பெரிய செலவு இல்லை. ஒரு காந்தம் (பழைய ஸ்பீக்கரில் இருந்து எடுத்தது போதும்), ஒரு எஃகுக் கத்தி அல்லது ஆணி, உடைந்த கண்ணாடித் துண்டு, பளபளப்பு இல்லாத பின்பக்கம் உள்ள ஓர் ஓடு (பாத்ரூம் டைல்ஸின் அடிப்பக்கம்), ஒரு சொட்டு மூடி பாட்டிலில் நீர்த்த ஆசிட், சமையலறை டிஜிட்டல் தராசு, நூல். பூதக்கண்ணாடி இருந்தால் 10 மடங்கு காட்டுவதாக இருக்கட்டும்.

ஆசிட் என்பது ஹைட்ரோகுளோரிக். கடையில் வாங்குவதை அப்படியே பயன்படுத்தக் கூடாது. 2 பங்கு தண்ணீர் எடுத்து, அதில் 1 பங்கு ஆசிட்டை மெதுவாக ஊற்ற வேண்டும். ஆசிட்டில் தண்ணீரை ஊற்றினால் தெறிக்கும். கண்ணாடி, கையுறை போட்டுக்கொண்டு வெளியில் வைத்துச் செய்யுங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் ஆசிட்டே வேண்டாம். எலுமிச்சைச் சாறு மெதுவாக வேலை செய்யும், ஆனால் சுண்ணாம்புக் கல்லைக் கண்டுபிடிக்க அதுவே போதும்.

சுத்தியல் வைத்து உடைப்பவர்கள் கண்ணுக்குப் பாதுகாப்பு இல்லாமல் உடைக்காதீர்கள். வெங்கச்சாங்கல்லின் சில்லு கண்ணாடித் துண்டு போலவே வெட்டும்.

ரோட்டோரம் கிடக்கும் வெள்ளைக் கல் எல்லாம் மேக்னசைட்தானா?

இல்லை. அதிகம் தவறு நடப்பது இதில்தான். நிறத்தை வைத்துச் சொல்லும் எதையும் நம்பாதீர்கள். வெள்ளையாக இங்கே குறைந்தது 5 வகைக் கல் இருக்கிறது.

முதலில் கத்தியால் கீறுங்கள். கீறல் விழவில்லை என்றால் அது வெங்கச்சாங்கல் (குவார்ட்ஸ்) அல்லது ஃபெல்ட்ஸ்பார். இங்கே ஒரு கண்ணி உண்டு: குவார்ட்ஸ் மேல் கத்தியை இழுத்தால் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு தெரியும். கல் கீறிவிட்டது என்று நினைப்போம். ஈர விரலால் தேய்த்தால் அந்தக் கோடு போய்விடும். அது கத்தியின் இரும்பு ஒட்டிய தடம். உண்மையான கீறலில் நகம் தட்டும். குவார்ட்ஸ் கண்ணாடி உடைந்தது போல வளைவாக உடையும். ஃபெல்ட்ஸ்பார் தட்டையான முகங்களாகப் பிளந்து, வெயிலில் திருப்பினால் அந்த முகம் மொத்தமும் ஒரே நேரத்தில் பளிச்சிடும்.

கத்தி கீறுகிறது என்றால், புதிதாக உடைத்த முகத்தில் ஒரு சொட்டு ஆசிட் விடுங்கள். உடனே நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்புக் கல். அதில் இரண்டு: சர்க்கரைக் கட்டி போல மினுமினுக்கும் பளிங்குச் சுண்ணாம்பு ஒன்று (சங்ககிரிப் பக்கம் சிமெண்டுக்கு வெட்டுவது இதைத்தான்), மண்ணுக்கு அடியில் முடிச்சு முடிச்சாக, சொறசொறப்பாக இருக்கும் சுக்கான் கல் இன்னொன்று. நுரையே வராமல், உடைத்த முகம் பீங்கான் கோப்பை உடைந்தது போல மழமழவென்று இருந்தால் மேக்னசைட், அதாவது ஊரில் வெள்ளைக்கல் என்று சொல்வது. அதைப் பொடித்து, ஆசிட்டைச் சற்றே சூடாக்கி விட்டால்தான் சோம்பலாகக் குமிழி வரும்.

‘வெள்ளைக்கல் என்றார்கள், ஆனால் ஆசிட் விட்டதும் பொங்கியது’ என்று பலர் குழம்புவதற்குக் காரணம், கல்லின் மேல் படிந்திருக்கும் மெல்லிய சுண்ணாம்புப் பூச்சு. மேல்தோலில் சோதிக்காதீர்கள், உடைத்துச் சோதியுங்கள்.

‘சாக் ஹில்ஸ்’ என்கிறார்களே, அங்கே சாக் இருக்கிறதா?

துளியும் இல்லை. சேலத்துக்கும் ஓமலூருக்கும் நடுவே கருப்பூர், மாமாங்கம் பக்கம் இருக்கும் மேடுகள் தூரத்திலிருந்து வெள்ளையாகத் தெரிந்ததால் ஆங்கிலேயர்கள் வைத்த பெயர் அது. உண்மையில் அங்கே அடிப்பாறை டூனைட், ஆலிவின் என்ற பச்சை கலந்த மக்னீசியக் கனிமத்தால் ஆனது. கார்பன் டை ஆக்சைடு கலந்த நீர் வெடிப்புகளில் இறங்கி ஆலிவினைச் சிதைக்க, மக்னீசியம் கார்பனேட்டாக மாறி அந்த வெடிப்புகளிலேயே தங்கிவிட்டது. அதனால்தான் சுரங்கச் சுவரில் வெள்ளைக்கல் அடுக்காக இருக்காது. பழுப்புப் பாறையில் சிலந்தி வலை பின்னியது போலக் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். விரல் பருமன் நரம்பும் உண்டு, ஆள் உயரத் திட்டும் உண்டு.

இந்த அமைப்புதான் தொழிலுக்குத் தலைவலி. கொஞ்சம் வெள்ளைக்கல்லுக்கு மலை மலையாகப் பாறையை வெட்ட வேண்டியிருக்கிறது. சிலிக்கா ஒட்டிய துண்டு கலந்தால் தரம் விழுந்துவிடும், ஆகவே கையால் பொறுக்கிப் பிரிக்கும் வேலை அதிகம். வெட்டிய டூனைட்டையும் வீணாக்குவதில்லை. இரும்பு உருக்கும் உலைகளில் கசடு எளிதில் உருக உதவும் இளக்கியாகச் சேர்க்கிறார்கள்.

வெள்ளைக்கல்லைச் சுட்டால் எடையில் பாதிக்கு மேல், ஏறக்குறைய 52 சதவீதம், கார்பன் டை ஆக்சைடாகப் பறந்துவிடும். மிஞ்சுவது மக்னீசியா. 1,500 டிகிரிக்கு மேல் சுட்டது உருக்கு உலைகளின் உள்சுவர்ச் செங்கல்லுக்குப் போகிறது. 700 முதல் 1,000 டிகிரி வரை இலேசாகச் சுட்டது மருந்து, உரம், தரைப்பூச்சு என்று வேறு வேலைகளுக்கு. தமிழக அரசின் தமிழ்நாடு மேக்னசைட் நிறுவனம், சுருக்கமாக டான்மேக், 1979 முதல் இங்கே இயங்குகிறது.

வீட்டுத் தராசிலேயே கல்லின் அடர்த்தியை எப்படிப் பார்ப்பது?

கல் அடையாளத்தில் இதைவிட நம்பகமான வீட்டுச் சோதனை இல்லை, ஆனால் செய்பவர்கள் குறைவு.

உலர்ந்த கல்லை எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு கிண்ணத்தில் முக்கால் அளவு தண்ணீர் வைத்துத் தராசில் ஏற்றி, பூஜ்ஜியத்துக்குக் கொண்டு வாருங்கள். கல்லை நூலில் கட்டி, முழுதாக மூழ்கும்படி, ஆனால் அடியையோ பக்கத்தையோ தொடாமல், கையில் பிடித்துத் தொங்கவிடுங்கள். தராசு இப்போது காட்டும் கிராம்தான் கல்லின் பருமன், மில்லிலிட்டரில். முதல் எடையை இதனால் வகுத்தால் அடர்த்தி. உலர்ந்த எடை 156, தண்ணீரில் காட்டியது 52 என்றால் அடர்த்தி 3.0, வெள்ளைக் கல்லாகவும் இருந்தால் மேக்னசைட்டுக்கு வாய்ப்பு அதிகம். குவார்ட்ஸ் 2.65, சுண்ணாம்புக் கல் 2.7, மாக்கல் 2.7 முதல் 2.8, புத்தம் புது டூனைட் 3.2-ஐ ஒட்டி, குருந்தம் 4.0, மேக்னடைட் (காந்தத்தில் ஒட்டும் இரும்புத்தாது) 5.2.

தப்பு வருவது மூன்று இடத்தில். கல் அடியைத் தொட்டுவிட்டால் எண் எகிறிவிடும், அடர்த்தி குறைவாகத் தெரியும். கல்லில் ஒட்டிய காற்றுக் குமிழியும் அதையே செய்யும். மூழ்கவிட்டதும் ஒருமுறை ஆட்டிவிடுங்கள். 20 கிராமுக்குக் குறைந்த கல்லில் 1 கிராம் துல்லியத் தராசு உதவாது, 0.1 கிராம் காட்டும் தராசு வேண்டும். பாக்சைட் போன்ற துளைக் கற்களுக்கு இந்த முறையே சரிப்படாது, தண்ணீர் உள்ளே போய்விடும்.

காந்தத்தில் ஒட்டும் கனமான கருப்புக் கல் கிடைத்தது. விண்கல்லா?

வாரம் ஒருவராவது கேட்கும் கேள்வி. கஞ்சமலையைச் சுற்றிக் கிடைத்தது என்றால், விண்கல் என்ற நினைப்பை விட்டுவிடலாம். சேலத்துக்குத் தென்மேற்கே இருக்கும் கஞ்சமலையில் மேக்னடைட்டும் குவார்ட்ஸும் மாறி மாறி அடுக்கிய பட்டைப் பாறை நிறைய இருக்கிறது. உடைத்த பக்கத்தில் கருப்பும் வெள்ளையுமாகக் கோடுகள் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். ஓட்டின் அடிப்பக்கத்தில் தேய்த்தால் கருப்புக் கோடு விழும். கோடு செம்பழுப்பாக விழுந்தால் அது ஹெமடைட்டாக (சிவப்பு இரும்புத்தாதுவாக) மாறிக்கொண்டிருக்கிறது.

மழை விட்டதும் மலையடி ஓடைகளில் வண்டல் மேல் கருப்பாக வரிவரியாகப் படிந்திருப்பதும் மேக்னடைட் மணல்தான். காந்தத்தை வெறுமனே வைத்து அள்ளினால் பிறகு துடைத்தெடுக்கப் பெரும்பாடு. பிளாஸ்டிக் கவரில் போட்டு அள்ளி, கவரை உருவினால் மொத்தமாக உதிர்ந்துவிடும்.

இன்னொரு ஏமாற்று, சிட்டக்கல். இந்தப் பகுதியில் பல நூற்றாண்டு காலம் நாட்டு உலைகளில் இரும்பு உருக்கினார்கள். அந்தக் கழிவு இன்னும் வயல்களில் கிடக்கிறது. கருப்பாக, கனமாக, உருகி வழிந்த தடத்தோடு இருப்பதால் விண்கல் என்றே தோன்றும். உள்ளே குமிழி ஓட்டைகள் இருந்தால் சிட்டம். விண்கல்லில் குமிழி ஓட்டை அபூர்வத்திலும் அபூர்வம். சிட்டம் குவியலாகக் கிடந்தால் எடுத்துவராதீர்கள். அது தொல்லியல் தடயம். இடத்தைப் படம் எடுத்துத் தொல்லியல் துறைக்குத் தெரிவிப்பதுதான் முறை.

சேலம் உருக்காலை கஞ்சமலை இரும்பில்தான் ஓடுகிறதா?

மலைக்குப் பக்கத்தில் ஆலை இருப்பதால் எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அங்கே நடப்பது எவர்சில்வர் உருக்கித் தகடு உருட்டும் வேலை; கஞ்சமலைத் தாது அதற்குள் போவதில்லை. சேலம் தாதுவைப் பெரிய அளவில் உருக்கிப் பார்த்தவர் ஜோசையா மார்ஷல் ஹீத். கிழக்கிந்தியக் கம்பெனி வேலையை விட்டு, 1830-இல் பரங்கிப்பேட்டையில் உலை போட்டார். கரிக்கு மரம் போதாமல் போனதும் போக்குவரத்துச் செலவும் அந்த முயற்சியை வளரவிடவில்லை.

இஸ்ரோ செயற்கை நிலா மண் செய்ய எடுத்த கல் எது?

நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டி, குன்னமலை பகுதியில் உள்ள அனார்த்தோசைட். நிலவில் நமக்கு வெளிறித் தெரியும் மேட்டுநிலம் பெரும்பாலும் இந்த வகைப் பாறை. சந்திரயான்-2 லேண்டரையும் ரோவரையும் தரையில் ஓட்டிச் சோதிக்க இஸ்ரோவுக்கு நிலா மண் போன்ற பொடி வேண்டியிருந்தது. இங்கிருந்து பாறை எடுத்து, குறித்த அளவுகளில் அரைத்து, சுமார் 50 டன் தயாரித்தார்கள். சேலம் பெரியார் பல்கலைக்கழகப் புவியியல் துறைக்கும் அதில் பங்கு உண்டு.

பார்க்க எப்படி இருக்கும்? பெரும்பாலும் வெள்ளை முதல் வெளிர் சாம்பல். அதில் ஹார்ன்பிளெண்ட் என்ற கருப்புக் கனிமம் புள்ளியாகவோ வரியாகவோ. கத்தி கீறாது. சில இடங்களில் சிவப்புக் கார்னெட் மணி ஒட்டியிருக்கும். ஆனால் இதை ‘நிலாக் கல்’ என்று விலை சொல்லி விற்றால் வாங்காதீர்கள். நிலவிலிருந்து வந்ததல்ல, நாமக்கல்லில் இருந்து வந்தது.

வயலில் கிடைத்த சிவப்புக் கல் மாணிக்கமா?

இந்தப் பக்கம் இரண்டு சிவப்புக் கற்கள் சகஜம்: கார்னெட், குருந்தம். மாணிக்கம் என்பதும் குருந்தத்தின் தெளிந்த சிவப்பு வடிவம்தான். ஆங்கிலத்தில் அந்தக் கனிமத்துக்கு வழங்கும் ‘கொரண்டம்’ என்ற பெயர் நம் ‘குருந்தம்’ என்பதிலிருந்து போனதுதான்.

உருவத்தைப் பாருங்கள். கார்னெட் பல முகம் கொண்ட உருண்டை. குருந்தம் ஆறுபக்கப் பீப்பாய். தட்டையான முனையில் முக்கோண வரிகள் தெரிவதுண்டு. ஒரு வெங்கச்சாங்கல்லைக் கீறிப் பாருங்கள்: கார்னெட் தடுமாறும், குருந்தம் ஆழமாகக் கோடு போடும். சந்தேகம் இருந்தால் நியோடிமியம் காந்தம் ஒன்று வாங்கி, கல்லைத் தண்ணீரில் மிதக்கும் தெர்மோகோல் மேல் வைத்துக் காந்தத்தைப் பக்கத்தில் கொண்டு போங்கள். இங்குள்ள இரும்புச்சத்துள்ள கார்னெட் மெதுவாக இழுபடும், குருந்தம் அசையாது.

சித்தம்பூண்டிக் குருந்தம் பெரும்பாலும் ஒளி ஊடுருவாத, விரிசல் விழுந்த கல். அந்தக் காலத்தில் பொடித்து அரக்கில் குழைத்துச் சாணைக்கல் செய்யத்தான் போனது. ஆயிரத்தில் ஒன்று மோதிரத்தில் வைக்கத் தேறலாம். ‘லட்சம் பெறும்’ என்று சொல்பவர், அந்த லட்சத்துக்குத் தானே வாங்கிக்கொள்வாரா என்று கேட்டுப் பாருங்கள்.

நாமக்கல்லில் பிளாட்டினம் என்று செய்தி வந்ததே?

சித்தம்பூண்டிப் பாறைத் தொகுதியில் மெல்லிய குரோமைட் (குரோமியத் தாது) அடுக்குகள் உண்டு. அவற்றில் பிளாட்டின வகை உலோகங்கள் இருப்பதை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை கண்டறிந்தது. ஆனால் அவை நுண்ணோக்கியில்தான் தெரியும் துகள்கள். ஒரு டன் பாறைக்குக் கிராம் கணக்கு. கையில் எடுத்துப் பார்க்க எதுவும் இல்லை.

கருங்கல், கிரானைட், சார்னோக்கைட்: மூன்றும் ஒன்றா?

கருங்கல் என்பது கொத்தனார் சொல், கிரானைட் என்பது கடைக்காரர் சொல், சார்னோக்கைட் என்பது பாறையியல் சொல். சேர்வராயன், கொல்லிமலை இரண்டும் பெரும்பாலும் சார்னோக்கைட். உடைத்த முகம் எண்ணெய் தடவியது போல, பச்சை கலந்த கருஞ்சாம்பலாக இருக்கும். குவார்ட்ஸ்கூட நீலச்சாயை அடிக்கும். ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமம் இருப்பதுதான் சாதாரண கிரானைட்டிலிருந்து இதைப் பிரிக்கிறது.

பெயர் வந்த கதை சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் போகும். கல்கத்தாவை நிறுவியவராகச் சொல்லப்படும், 1693-இல் இறந்த ஜாப் சார்னாக்கின் கல்கத்தாக் கல்லறைப் பலகை இந்தப் பாறை. புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1893-இல் அவர் பெயரையே பாறைக்கு வைத்தார். மாதிரி இடம் பரங்கிமலை, பல்லாவரம்.

ஜல்லிக்கு நல்ல கல். வாங்கும்போது புது முறிவைப் பாருங்கள்: முழுக்கச் சாம்பலாக இருக்க வேண்டும். பழுப்பு ஓரம் உள்ள துண்டுகள் நிறைய இருந்தால் அது மேல்தட்டு, வெயிலும் மழையும் தின்ற கல்.

ஏற்காட்டுச் சிவப்புக் கல் பாக்சைட்டா, செம்புறாங்கல்லா?

இரண்டும் ஒரே வேலையின் இரண்டு நிலை. மழை சிலிக்காவைக் கரைத்துக்கொண்டு போக, அலுமினியமும் இரும்பும் மிஞ்சுகின்றன. இரும்பு மேலோங்கினால் செம்புறாங்கல், அலுமினியம் மேலோங்கினால் பாக்சைட். வெளிறிய இளஞ்சிவப்பில் பட்டாணி உருண்டைகளோடு, பார்த்த அளவுக்குக் கனமில்லாமல் இருந்தால் பாக்சைட். ஏற்காடு, கொல்லிமலை உச்சிகளில் வெட்டியது மேட்டூர் அலுமினிய ஆலைக்குப் போனது.

சேலம் கல்சட்டி எந்தக் கல்? ஏன் சில சட்டி முதல் நாளே வெடிக்கிறது?

மாக்கல். டால்க் என்ற, நகத்தாலேயே கீறக்கூடிய கனிமம் மிகுந்த பாறை. வெள்ளைக்கல்லுக்குத் தாயான அதே மக்னீசியப் பாறை வகைதான் இதற்கும் தாய். அங்கே கார்பன் டை ஆக்சைடு, இங்கே சிலிக்கா கலந்த நீர்.

வாங்கும்போது விரல் முட்டியால் தட்டுங்கள். கணீரென்று கேட்க வேண்டும். ‘தொப்’ என்றால் உள்ளே விரிசல். அடிப்பக்கத்தில் வெளிர் நரம்பு ஓடினால் வேண்டாம், வேறு கனிமம் வேறு அளவில் விரிந்து அந்தக் கோட்டிலேயே பிளக்கும். கடைக்காரர் விட்டால் அடியில் ஒரு சொட்டு எலுமிச்சை விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு கலந்திருக்கிறது, புளிக்குழம்பு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும்.

பழக்கும் முறை: சோப்பு இல்லாமல் கழுவி, 3 நாள் அரிசி கழுவிய தண்ணீரில் ஊறவிடுங்கள், தினம் மாற்றுங்கள். பிறகு மஞ்சள்தூள் குழைத்த விளக்கெண்ணெயை உள்ளும் புறமும் பூசி ஒரு நாள் வெயில். கழுவிவிட்டு, அடுத்த 4 நாள் சூடான வடிகஞ்சியை ஊற்றி ராத்திரி முழுக்க வையுங்கள். கடைசியில் பாதி தண்ணீரோடு அடுப்பில், ஆகக் குறைந்த தீயில் 10 நிமிடம். மறுநாள் சற்றுக் கூட்டி 20 நிமிடம். சாம்பல் நிறம் கருக்கத் தொடங்கியதும் சமைக்கலாம்.

வெடிப்பதற்குக் காரணம் பெரும்பாலும் ஈரம். நுண்துளைகளில் தங்கிய நீர் திடீர்ச் சூட்டில் ஆவியாகிக் கல்லைத் தள்ளுகிறது. வெறும் சட்டியை அடுப்பில் ஏற்றுவது, சூட்டோடு பச்சைத் தண்ணீர் ஊற்றுவது, இறக்கியதும் ஈரத் திண்ணையில் வைப்பது மூன்றும் கூடாது. குழம்பு பதத்துக்கு வருவதற்கு முன்பே அடுப்பை அணையுங்கள், அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் கொதிக்கும். இண்டக்‌ஷன் அடுப்பில் சூடேறாது.

சட்டியையோ மாக்கல் சிற்பத்தையோ தேய்ப்பவர்கள் ஈரமாக வைத்துத் தேயுங்கள். சில மாக்கல்லில் நார்க் கனிமம் கலந்திருக்கும். அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆகாது.

வேறு ரத்தினக் கற்கள் ஏதாவது உண்டா?

சற்று மேற்கே போனால் உண்டு. காங்கேயம் அருகே படியூரில் கடல்நீல வண்ணப் பெரில் (மரகத இனக் கனிமம்) கிடைத்தது. நொய்யல் கரைக் கொடுமணலில் அகழாய்வு செய்தபோது பெரில், குவார்ட்ஸ், சூதுபவளம் வைத்து மணி செய்த பட்டறைத் தடயங்கள் வந்தன. காங்கேயம் சந்திரகாந்தக் கல் இன்றும் சந்தையில் பேர் சொல்லும்.

போர் போடும்போது வரும் கல்மாவில் என்ன பார்க்கலாம்?

10 அடிக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி எடுத்துக் கழுவி, வரிசையாகக் காகிதத்தில் வையுங்கள். முதலில் வரும் பழுப்பு மாவு சிதைந்த பாறை. நீலச்சாம்பல் மாவு வந்தால் கெட்டிப் பாறை தொடங்கிவிட்டது. அதற்கும் கீழே, சாம்பல் துண்டுகளுக்கு நடுவே திடீரென்று பழுப்புக் கறை படிந்த சில்லு வந்தால் அங்கே வெடிப்பு இருக்கிறது, தண்ணீர் ஓடிய தடம் அது. பல நூறு அடிக்கு ஒரே சாம்பல் மாவு மட்டுமே வந்தால் இன்னும் இறக்குவதில் காசுதான் போகும். வெள்ளைக்கல் பகுதியில் தண்ணீர் வந்தாலும் மக்னீசியம் மிகுந்து உப்புக்கடினமாக இருப்பது சகஜம், குடிக்கும் முன் சோதிக்கக் கொடுங்கள்.

கல் எடுத்து வரலாமா?

பட்டா நிலமே ஆனாலும் கனிமத்தை வெட்டி விற்க அரசின் குத்தகையும், ஏற்றிச் செல்ல நடைச்சீட்டும் வேண்டும். 1957-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டமும் 1959-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சிறு கனிம விதிகளும் அதைத்தான் சொல்கின்றன. லாரியோடு பிடிபட்டால் லாரியும் போகும். படிப்புக்காக உள்ளங்கை அளவு மாதிரி வேண்டுமென்றால் நிலத்துக்காரரைக் கேட்டு, உதிர்ந்து கிடப்பதில் எடுங்கள். காப்புக் காட்டிலும் கோயில் மலையிலும் கை வைக்க வேண்டாம்.

கைவிட்ட குவாரிக் குட்டைகளில் இறங்காதீர்கள். கரை படிப்படியாக இறங்காது. ஒரே அடியில் ஆள் உயரத்துக்கு மேல் போகும், ஏறி வரப் பிடிமானமும் இருக்காது.

எடுத்த கல்லில் அன்றைக்கே வெள்ளை பெயிண்ட் பொட்டு வைத்து எண் எழுதி, ஊர், தேதி, பாறையோடு ஒட்டியிருந்ததா உதிர்ந்து கிடந்ததா என்பதை நோட்டில் குறியுங்கள். மூன்று நாள் கழித்து எழுதினால் எது கருப்பூர், எது கஞ்சமலை என்று உங்களுக்கே மறந்திருக்கும்.